மலிவாக, எளிதாக ஊதிப் பழக எந்தக் காற்றுக் கருவி வாங்கலாம்?

கேள்வி இதுதான்: வயது நாற்பதை நெருங்குகிறது, இதுவரை எந்தக் கருவியும் கற்றதில்லை. வேலை முடிந்து வந்து மாலையில் கொஞ்ச நேரம் ஊதிப் பார்க்க ஒரு காற்றுக் கருவி வேண்டும். செலவு இரண்டாயிரம் ரூபாயைத் தாண்டக் கூடாது. மேடை ஏறும் எண்ணம் இல்லை. பிடித்த சினிமாப் பாட்டுகளையும் ஒன்றிரண்டு எளிய கீர்த்தனைகளையும் வாசித்தால் போதும். எட்டு வயது மகளும் கூட உட்கார்ந்து ஊத ஆசைப்படுகிறாள்.

என் பதில்: பிளாஸ்டிக் சோப்ரானோ ரெக்கார்டர் வாங்குங்கள். ரெக்கார்டர் என்பது நுனியை வாயில் வைத்து நேராகப் பிடித்து ஊதும் குழல், சோப்ரானோ அதில் உச்ச சுருதியுள்ள சிறிய வகை. பரோக் விரலமைப்பு (அது என்ன என்று கீழே சொல்கிறேன்) உள்ளதாகப் பார்த்து, உங்களுக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று என்று வாங்குங்கள். நல்ல நிறுவனத்தின் பிளாஸ்டிக் சோப்ரானோ பொதுவாக ஆயிரம் ரூபாயை ஒட்டித்தான் இருக்கும் என்பதால் இரண்டும் சேர்ந்தே உங்கள் கணக்குக்குள் அடங்கிவிடலாம். இணையத்தில் தேடும்போது 'ரெக்கார்டர் ஃப்ளூட்' என்று போடுங்கள். இல்லாவிட்டால் குரல் பதிவு செய்யும் கருவிகள்தான் வரிசையாக வந்து நிற்கும். புல்லாங்குழல்மேல் உங்களுக்கு ஒரு ஆசை இருக்கும் என்று ஊகிக்கிறேன், அதற்கும் வருகிறேன். அதற்கு முன் ஏன் ரெக்கார்டர் என்று சொல்லிவிடுகிறேன். காரணம் தெரிந்துவிட்டால், என் பேச்சைக் கேட்காமல் வேறொன்றை வாங்கினாலும் தெரிந்தே வாங்குவீர்கள்.

காற்றுக் கருவியில் ஒலி எங்கே பிறக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் கற்பது எளிதா கடினமா என்பது இருக்கிறது. புல்லாங்குழலில் ஒலியை உண்டாக்குவது உங்கள் உதடு. ஊது துளையின் எதிர் விளிம்பில் காற்று எந்தக் கோணத்தில், எவ்வளவு மெல்லிய கீற்றாகப் போய் மோத வேண்டும் என்பதை உதடுதான் ஒவ்வொரு கணமும் தீர்மானிக்கிறது. நாதஸ்வரத்தில் சீவாளி, அதாவது வாயில் வைக்கும் நாணல் நாக்கு, அதிர வேண்டும், அதற்கு வேண்டிய மூச்சு பல வருடப் பயிற்சியில் வருவது. ரெக்கார்டர், டின் விசில், ஒக்கரீனா மூன்றிலும் அந்த வேலையைக் கருவியே செய்துவிடுகிறது. வாயில் வைக்கும் பகுதிக்குள் ஒரு குறுகலான காற்றுப் பாதை இருக்கும். அது காற்றை நேராகக் கொண்டுபோய் ஒரு கூரான விளிம்பில் விடும். ஊதினால் ஒலி வந்தே தீரும், முதல் நாளே வரும். மவுத் ஆர்கன், மெலோடிகா இரண்டிலும் உள்ளே உலோக நாக்குகள் இருக்கின்றன, அவற்றிலும் முதல் மூச்சிலேயே ஒலி கிடைக்கும்.

ஆக, எளிதாக ஒலி தரும் கருவிகளே ஐந்து இருக்கின்றன. அவற்றில் எதை எடுப்பது என்பதை நீங்கள் வாசிக்க நினைக்கும் பாட்டு தீர்மானிக்கட்டும். பலர் இதை யோசிக்காமல் விலையை மட்டும் பார்த்து வாங்கிவிட்டு, 'என் பாட்டு இதில் வரவில்லையே' என்று மூலையில் போட்டுவிடுகிறார்கள். நம் பாட்டுக்கு இரண்டு விஷயங்கள் வேண்டும். ஒன்று, பன்னிரண்டு ஸ்வரஸ்தானங்களும், அதாவது ஒரு ஸ்தாயிக்குள் அடங்கும் பன்னிரண்டு ஸ்வர நிலைகளும், கிடைக்க வேண்டும். சினிமாப் பாட்டில் பல்லவி ஒரு ராகத்தில் நேராகப் போய்க்கொண்டிருக்கும், சரணத்தில் திடீரென்று ஓர் அந்நிய ஸ்வரம் எட்டிப் பார்க்கும். அது இல்லாவிட்டால் பாட்டின் உயிரே போய்விடும். இரண்டாவது, ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொஞ்சமாவது இழைந்து போக முடிய வேண்டும்.

இந்த இரண்டையும் வைத்து முதலில் டின் விசிலைப் பார்ப்போம், ஏனென்றால் ரெக்கார்டருக்கு உண்மையான போட்டி அதுதான். 1843-இல் இங்கிலாந்தின் சஃபோக் பகுதியைச் சேர்ந்த ராபர்ட் கிளார்க் தகரத் தகட்டைச் சுருட்டி இந்தக் கருவியைச் செய்து விற்கத் தொடங்கினார். அயர்லாந்தின் நாட்டுப்புற இசை அதைத் தன்னுடையதாகவே ஆக்கிக்கொண்டது. ஆறே ஆறு துளை, பின்பக்கத்தில் ஒன்றும் கிடையாது. அதிகம் விற்பது டி சுருதியில் உள்ளது (சி, டி, எஃப் என்பவை ஸ்வரங்களின் மேற்கத்தியப் பெயர்கள்), நம் சுருதிக் கணக்கில் 2 கட்டை. ஆறையும் மூடி மெதுவாக ஊதினால் ஸ. கீழிருந்து ஒவ்வொரு விரலாக எடுத்துக்கொண்டே போனால் ரி, க, ம, ப, த, நி என்று சுத்தமான சங்கராபரணம் வந்துவிடும். கொஞ்சம் அழுத்தி ஊதினால் அதே விரல்களில் மேல் ஸ்தாயி.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. சங்கராபரணத்தின் ஸ்வரங்களை மாற்றாமல், ஆதார ஷட்ஜத்தை, அதாவது ஸ-வை, மட்டும் இடம் மாற்றினால் வேறு ராகங்கள் பிறக்கும், கிரக பேதம் என்போமே, அது இந்தக் கருவியில் விரலால் தொட்டுப் பார்க்கும்படி இருக்கும். ரி-யை ஸ என்று எடுத்துக்கொண்டால் கரகரப்ரியா. க-விலிருந்து தோடி, ம-விலிருந்து கல்யாணி, ப-விலிருந்து ஹரிகாம்போதி, த-விலிருந்து நடபைரவி. பாதித் துளை மூடுகிற வேலையே இல்லாமல் ஆறு மேளகர்த்தா ராகங்களின், அதாவது ஏழு ஸ்வரமும் உள்ள தாய் ராகங்களின், ஸ்வர வரிசை! மோகனத்துக்கு ஐந்து ஸ்வரம் போதும் என்பதால் முதல் வாரத்திலேயே விரலுக்கு வந்துவிடும். அதே ஐந்தை வேறு வேறு இடத்திலிருந்து தொடங்கினால் மத்யமாவதி, இந்தோளம், சுத்த சாவேரி. துளைகள் திறந்தவை, விரலை மெல்ல உருட்டி எடுத்தால் ஸ்வரம் இழைந்து போகும். இழைவுக்கு ரெக்கார்டரைவிட விசில் ஒரு படி மேல், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பிறகு ஏன் அதை முதலில் சொல்லவில்லை? மாயாமாளவகௌளையால். கர்நாடக இசையில் முதல் பாடமான சரளி வரிசையே அந்த ராகத்தில்தான். சுத்த ரிஷபமும் சுத்த தைவதமும், அதாவது சங்கராபரணத்தில் வருவதைவிட அரை ஸ்வரம் தாழ்ந்த ரி-யும் த-வும், வேண்டும். ஆறு துளை விசிலில் இரண்டையும் பாதித் துளை மூடித்தான் கொண்டுவர வேண்டும். எவ்வளவு மூடுவது என்பதைக் காதுதான் சொல்லும். இப்போதுதான் தொடங்குகிற ஒருவருக்கு அந்தக் காது இன்னும் பழகியிருக்காது. சினிமாப் பாட்டின் அந்நிய ஸ்வரத்துக்கும் இதே சிக்கல். அப்புறம் டி விசிலின் மேல் ஸ்தாயி கிரீச்சென்று இருக்கும், அடுக்குமாடி வீட்டில் பக்கத்து வீட்டுக்காரர் பொறுத்துக்கொள்வது கஷ்டம். இறக்குமதி என்பதால் விலையும் ரெக்கார்டரைவிடக் கூடுதலாக இருக்கலாம்.

ரெக்கார்டரில் முன்பக்கம் ஏழு துளை, பின்பக்கம் கட்டைவிரலுக்கு ஒன்று. பன்னிரண்டு ஸ்வரஸ்தானங்களுக்கும் 'இந்த விரல்களை மூடு, இவற்றைத் திற' என்று நிலையான அமைப்பு உண்டு. நடுவில் ஒரு துளையைத் திறந்துவிட்டு அதற்குக் கீழே உள்ளவற்றை மூடினால் அரை ஸ்வரம் இறங்கும். பெரும்பாலான அரை ஸ்வரங்கள் இப்படித்தான் வருகின்றன. ஆகவே காது பழகும் முன்பே விரல் சரியான இடத்துக்குப் போய்விடும். ஐரோப்பாவில் நூற்றாண்டுகளாக இருந்த கருவி இது. இடையில் வழக்கொழிந்து கிடந்ததை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆர்னால்ட் டோல்மெட்ச் என்பவர் இங்கிலாந்தில் மீண்டும் செய்து புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். பிறகு பிளாஸ்டிக் வந்தது, பள்ளிக்கூடங்களுக்குள் நுழைந்தது, ஜப்பானில் ஆரம்பப் பள்ளிக் குழந்தைகள் கையில் எல்லாம் இருக்கிறது. பள்ளிக்கூடக் கருவி என்பதாலேயே பலர் இதை விளையாட்டுச் சாமான் என்று நினைக்கிறார்கள். பாக், விவால்டி, டெலிமான் மூவரும் இதற்கென்றே எழுதியிருக்கிறார்கள். கருவியிடம் குறையில்லை.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது விரலமைப்பு. ஜெர்மன், பரோக் என்று இரண்டு உண்டு. ஜெர்மன் அமைப்பு 1920-களில் பீட்டர் ஹார்லன் என்பவர் கொண்டுவந்தது. எஃப் ஸ்வரத்தின் விரலை எளிதாக்கப் போய் மற்ற சில ஸ்வரங்களின், முக்கியமாக எஃப் ஷார்ப்பின், சுருதியைக் கெடுத்துக்கொண்டது. சி-யை ஷட்ஜமாக வைத்தால் எஃப் ஷார்ப் பிரதி மத்யமம், கல்யாணியின் மத்யமம் அது. அது பிசகினால் நமக்கு ஆகாது. கடைக்காரர் 'ரெண்டும் ஒண்ணுதான் சார்' என்பார். நீங்களே பார்த்துக்கொள்ளலாம்: முன்பக்கத் துளைகளை மேலிருந்து எண்ணுங்கள். நான்காவது சிறிதாகவும் ஐந்தாவது பெரிதாகவும் இருந்தால் பரோக். ஐந்தாவது சிறிதாக இருந்தால் ஜெர்மன், வைத்துவிட்டு வாருங்கள். யமஹாவில் 24பி என்ற எண் பரோக், 23 என்பது ஜெர்மன். ஆலோஸ் என்ற ஜப்பானிய நிறுவனத்தின் கருவிகளும் நம்பி வாங்கலாம். பெயரில்லாத வண்ண வண்ணக் குழாய்கள் நூறு இருநூறுக்குக் கிடைக்கும், அவற்றில் மேல் ஸ்தாயியும் கீழ் ஸ்தாயியும் ஒன்றோடொன்று சேராது. செல்பேசியில் ஒரு டியூனர் செயலியை இறக்கிக்கொண்டு, கட்டைவிரலோடு மேலே இரண்டு துளைகளை மட்டும் மூடி மெதுவாக ஊதுங்கள். ஏ என்று காட்ட வேண்டும், அதிர்வு எண் 880-ஐ ஒட்டி இருக்க வேண்டும். அதில் நிலையாக நின்றால் கருவி சரி.

வீட்டுக்கு வந்ததும் எப்படித் தொடங்குவது? இடது கை மேலே, வலது கை கீழே. இடது கைப் பழக்கக்காரர்களுக்கும் இதுதான், கடைசித் துளைகள் அப்படித்தான் அமைந்திருக்கின்றன. விரல் நுனியால் குத்தாமல், விரலின் சதைப்பற்றான பகுதியை வைத்து மூடுங்கள். மூச்சு மிகக் குறைவாகப் போதும், மெழுகுவர்த்திச் சுடர் அணையாமல் சாய்கிற அளவு. புதிதாக ஊதுபவர்கள் எல்லாரும் அதிகமாகத்தான் ஊதுவார்கள், கீச்சென்று கேட்பதற்கு முக்கால்வாசிக் காரணம் அதுதான். மிச்சம், ஏதோ ஒரு விரல் ஓரத்தில் துளை கொஞ்சம் திறந்திருப்பது. ஒவ்வொரு ஸ்வரத்தையும் நாக்கால் 'து' என்று தொடங்குங்கள்.

பாட்டுக் கற்றவர் யாரும் இல்லாத வீட்டில் நான் இப்படித் தொடங்கச் சொல்வேன். ஜி-யை ஷட்ஜமாக வைத்துக்கொள்ளுங்கள், 5 கட்டை. கட்டைவிரலும் மேல் மூன்று துளையும் மூடினால் ஸ. மூன்றாவது விரலை எடுத்தால் ரி. இரண்டாவதையும் எடுத்தால் க. கட்டைவிரலும் நடுவிரலும் மட்டும் இருந்தால் ம. கட்டைவிரலையும் எடுத்துவிட்டு நடுவிரல் மட்டும் இருந்தால் ப. வலது கை கருவியைத் தாங்கிக்கொண்டு சும்மா இருக்க, இடது கையிலேயே ஐந்து ஸ்வரம் கிடைத்துவிட்டது. இதற்கே எத்தனை பல்லவிகள் வரும் என்று பாருங்கள்! பிறகு வலது கையை இறக்குங்கள். அதன் மூன்று விரல்களும் மூடினால் கீழ் ப, இரண்டு மூடினால் கீழ் த. மத்யமத்தை விட்டுவிட்டால் மோகனம் கையில் இருக்கிறது. மாயாமாளவகௌளையையும் இதே ஷட்ஜத்தில் தொடங்கினால், அந்தச் சுத்த ரிஷபத்துக்கும் தைவதத்துக்கும் நிலையான விரலமைப்பு உண்டு, கருவியோடு வரும் விரல் அட்டவணையில் ஏ ஃப்ளாட், ஈ ஃப்ளாட் என்று தேடிப் பாருங்கள்.

கீர்த்தனை என்று கேட்டதால் இது: முத்துஸ்வாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்களிலிருந்து தொடங்குங்கள். மேற்கத்திய மெட்டுகளுக்கு அவர் சமஸ்கிருதச் சாகித்யம் அமைத்தவை அவை. சங்கராபரணத்தின் ஸ்வரங்களில், கமகமே (ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது) இல்லாமல் நேராக நடக்கும். ரெக்கார்டருக்கென்றே செய்தது போல இருக்கும், குழந்தைக்கும் உடனே பிடித்துவிடும். கமகம் நிறைந்த வர்ணத்தை ரெக்கார்டரில் வாசிக்க முயல வேண்டாம். இழைவு கொஞ்சம் வரும், தோடி காந்தாரம் அசைகிற மாதிரியான அசைவு அதில் எளிதில் வராது. இந்தக் குறையைத் தெரிந்தே வாங்குங்கள்.

சோப்ரானோவின் ஒலி உச்சத்தில் இருப்பது சிலருக்குப் பிடிக்காது. ஆல்டோ ரெக்கார்டர் அதைவிடத் தாழ்ந்த சுருதி, கேட்க இதமாக இருக்கும். பெரியவர்களின் கைக்கும் வசதி. ஆனால் விலை உங்கள் கணக்கைத் தாண்டலாம், துளைகளின் இடைவெளி எட்டு வயதுக் கைக்கு எட்டாது, விரலமைப்பு அதேதான் என்றாலும் ஒலிக்கும் ஸ்வரம் வேறு என்பதால் இருவரும் சேர்ந்து ஊதும்போது குழப்பம் வரும். ஒரு வருடம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

மவுத் ஆர்கன் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு போகலாம், ஊதினாலும் இழுத்தாலும் ஒலி. வாங்கத் தூண்டும் கருவிதான். ஆனால் பத்துத் துளை மவுத் ஆர்கனில் கீழ் ஸ்தாயியில் மத்யமமும் தைவதமும் கிடையாது. கூட்டு ஸ்வரங்கள் இனிமையாக ஒலிக்க வேண்டும் என்று அப்படி அமைத்திருக்கிறார்கள். அரை ஸ்வரங்களை மூச்சை வளைத்துக் கொண்டுவர வேண்டும், அது ப்ளூஸ் வாசிப்பவர்கள் மாதக்கணக்கில் பழகுவது. நம் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் இருபத்து நான்கு துளைக் கருவியில் ஒரே ஸ்வரத்துக்கு இரண்டு நாக்குகளைச் சற்றே சுருதி விலக்கி வைத்திருப்பார்கள், அந்த அலையடிக்கிற ஒலி அழகுதான். ஆனால் அதிலும் அரை ஸ்வரங்கள் இல்லை. பொத்தான் வைத்த குரோமாட்டிக் வகையில் பன்னிரண்டும் உண்டு, நல்லது ஒன்று வாங்க இரண்டாயிரம் போதாது. சங்கராபரண ஸ்வரங்களுக்குள் அடங்கும் மெட்டுகள் மட்டும் போதும் என்றால் மவுத் ஆர்கன் சந்தோஷம் தரும். ஒன்று, குடும்பத்தில் ஆளுக்கொன்று வைத்துக்கொள்ள வேண்டும். உள்ளே எச்சில் இறங்குகிற கருவி, கழுவுவதும் எளிதல்ல.

மெலோடிகா வாயால் ஊதிக்கொண்டே பியானோக் கட்டைகளை அழுத்துவது. பன்னிரண்டு ஸ்வரமும் கண்ணெதிரே இருக்கும், இழைவு மட்டும் அறவே கிடையாது. மகள் கீபோர்டு கற்கிறாள் என்றால் யோசிக்கலாம். ஒக்கரீனா 1853-இல் இத்தாலியின் புத்ரியோ ஊரில் ஜுசெப்பே தொனாத்தி இப்போதைய வடிவில் செய்தது. குயில் கூவுகிற மாதிரி மென்மையான ஒலி, பார்க்கவும் அழகு. ஆனால் மூச்சு கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் சுருதி நகர்ந்துவிடும், பன்னிரண்டு துளை வகையிலும் ஒன்றரை ஸ்தாயிக்குச் சற்று மேல்தான் போகும், கை தவறினால் மண் கருவி உடைந்தும் போகும். இரண்டாவது கருவியாக வாங்க நல்லது.

சரி, புல்லாங்குழல். நம் பாட்டை முழுமையாகச் சொல்லக்கூடிய கருவி அதுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கும்பகோணம் சரப சாஸ்திரி அதைத் தனிக் கச்சேரிக் கருவியாக நிலைநிறுத்தினார். பின்னர் வந்த மாலி, அதாவது டி.ஆர். மகாலிங்கம், வாய்ப்பாட்டின் கமகங்களை அப்படியே குழலுக்குள் கொண்டுவந்தார். மூங்கில் குழல் விலையும் அதிகமில்லை, ஒரு நல்ல குழல் உங்கள் பட்ஜெட்டுக்குள் வந்துவிடும். ஆகவே அதற்குக் காசு தடையே அல்ல. தடை, முதல் சில வாரங்கள் வெறும் காற்றுச் சத்தம் மட்டும் வருவது. உதடு பழகாதபோது காற்று வீணாகும், தலை சுற்றும், அப்படிச் சுற்றினால் உடனே நிறுத்தி உட்கார்ந்துவிட வேண்டும். மாலையில் களைத்து வந்து இளைப்பாற ஊதுபவருக்கு அது சோர்வு தரும் என்பதால்தான் இரண்டாவதாகச் சொல்கிறேன். ஆசிரியர் ஒருவர் கிடைத்து, வாரத்துக்கு இருமுறை உட்கார முடியும் என்றால் நேரே குழலுக்கே போங்கள், ரெக்கார்டர் வேண்டாம்.

குழல் வாங்குவதிலும் ஒரு விஷயம் உண்டு. கர்நாடகக் குழலில் விரல் துளை எட்டு. இணையக் கடைகளில் அதிகம் கிடைப்பது ஆறு துளை உள்ள வடநாட்டுப் பான்சுரி. கர்நாடகக் குழலில் மேல் இரண்டு துளை மூடினால் ஷட்ஜம், பான்சுரியில் மூன்று. பான்சுரியில் பழகிவிட்டு இங்கே ஒரு ஆசிரியரிடம் போனால் எல்லாவற்றையும் மறந்துவிட்டுத் திரும்பத் தொடங்க வேண்டியிருக்கும். திருவிழாக் கடையில் விற்பதும் வேண்டாம், துளைகளை சுருதி பார்த்துப் போட்டிருக்க மாட்டார்கள். குழல் செய்பவரிடமே, கட்டை சொல்லி வாங்குங்கள். புதியவர்களுக்குப் பெரும்பாலும் 5 கட்டை போன்ற சிறிய குழல்தான் கைக்கு வசதி. ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டைக் குழல்கள் நீளமானவை, துளைகள் எட்டாது.

பராமரிப்பு என்று ரெக்கார்டருக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. ஊதி முடித்ததும் மூன்று பாகமாகக் கழற்றி, தண்ணீரில் அலசி, உள்ளே துணி விட்டுத் துடைத்துவிடுங்கள். கொதிக்கும் தண்ணீர் வேண்டாம். வெயிலில் நிற்கும் காருக்குள்ளும் விடாதீர்கள். வாசித்துக்கொண்டிருக்கும்போதே ஒலி கம்மிப்போனால் காற்றுப் பாதையில் நீர் கோத்திருக்கிறது என்று அர்த்தம்: மேலே உள்ள சதுர வாயைக் கையால் பொத்திக்கொண்டு ஒருமுறை பலமாக ஊதினால் வெளியே வந்துவிடும். ஆஸ்துமா போன்ற மூச்சுத் தொல்லை யாருக்காவது இருந்தால் தொடங்கும் முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ரெக்கார்டரில் விரலும் மூச்சும் நாக்கும் பழகியது பின்னாளில் குழலுக்குப் போகும்போது வீணாகாது, உதட்டுப் பழக்கம் மட்டும் புதிதாகக் கற்க வேண்டும். அந்த நாள் வரும்போது முதலில் ஆசிரியரைப் பார்த்துப் பேசிவிட்டு, அவர் எந்தக் கட்டை சொல்கிறாரோ அந்தக் குழலை வாங்குங்கள்.